பலகை பார்க்கும் வேலை

ஜூன் 5, திங்கள்

கோடை விடுமுறை முடிந்து இன்று கோர்ட் திறந்தது. நாங்களும் புது ஆபீசைத் திறந்தோம். பழையது ஒரு ஹாலும் பின்னால் ஒரு இருட்டறையும். இது இரண்டு மாடி, பாளையங்கோட்டை மெயின் ரோட்டிலேயே. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியும் இரண்டு வங்கிகளும் மூன்று ஜில்லாவுக்கான வழக்குகளை எங்களிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டார்கள். மூன்று வக்கீல்கள் இருந்த இடத்தில் இப்போது பதினொரு பேர். லாரியில் வந்து இறங்கிய வழக்குக் கட்டுகள் அறுநூற்றுச் சொச்சம். இந்த டைரியும் அந்த இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்ததுதான். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர்களின் வாய்தா தேதியை ஆபீஸ் டைரியில் எழுதியிருக்கிறேன். எனக்கென்று எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்குக் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. கதவில் ‘சுகிர்தம் தானியேல், அலுவலக மேலாளர்’ என்று ஒட்டியிருக்கிறார்கள். டைப்பிஸ்டாகச் சேர்ந்தவளுக்கு இது பெரிய விஷயம்தான். தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் மூன்று தடவை கதவில் முட்டிக்கொண்டேன்.

குமாஸ்தா மாசானமுத்து கதவைத் தட்டி உள்ளே வந்து “மேடம்” என்றார். பத்தொன்பது வருஷமாக “யக்கா” என்று கூப்பிட்டவர். கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 8, வியாழன்

எங்கள் சீனியர் வக்கீல் ஆவுடையப்பன் சாரின் மகள் லோசனி பெங்களூரில் பெரிய கம்பெனியில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவள். கெட்டிக்காரி. என்னை “அக்கா” என்றுதான் கூப்பிடுவாள். அப்பா இருக்கும்வரை ஓடுகிற ஆபீஸ் வேண்டாம், யார் இல்லாவிட்டாலும் ஓடுகிற ஆபீஸ் வேண்டும் என்பது அவள் கட்சி. சாருக்கு அறுபத்தெட்டு வயது, ஸ்டென்ட் இரண்டு. அவள் சொல்வதில் தப்பில்லை.

எல்லாரும் தங்கள் ஒருநாள் வேலையை மணிவாரியாக எழுதித் தர வேண்டும் என்று சொல்லியிருந்தோம். இன்று நானும் அவளும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எதைக் கம்ப்யூட்டர் பார்க்கும், எதை ஆள் பார்க்க வேண்டும் என்று பிரித்து அட்டவணை போட்டோம். மாசானமுத்துவின் பட்டியல்தான் நீளம், பதினாலு வரி. அதை ஒன்பதாக்கினோம். அடித்தவற்றில் ஒன்றைப் பற்றி அவர் ஏதோ கேட்டார். அதெல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிடும் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

ஒன்பது வரியைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கால் வீக்கம். வீட்டில் அவர் வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

ஜூன் 14, புதன்

சண்முகக்கனி வழக்கில் தீர்ப்பு. தோற்றுவிட்டோம்.

கனியக்கா குலவணிகர்புரத்தில் மாவு மில் வைத்திருக்கிறாள். முன்னால் மில், பின்னால் வீடு, இரண்டும் ஒரே கூரை. புருஷன் இறந்தபிறகு அவனுடைய அண்ணன் மகன் வேல்ச்சாமி அந்த இடம் தன் பங்கு என்று வழக்குப் போட்டான். ஒரு மாதத்தில் காலி செய்து கொடுக்க வேண்டும் என்று முன்சீப் கோர்ட் சொல்லிவிட்டது. தீர்ப்பைக் கேட்டுவிட்டு நேரே ஆபீசுக்கு வந்தாள். புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. அழவில்லை. எத்தனை நாளுக்குள் அப்பீல் போட வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

முப்பது நாள் என்றேன். தீர்ப்பு நகல் கேட்டு மனு போட்டுவிட்டால், நகல் கைக்கு வரும்வரை ஆகும் நாள்கள் அந்த முப்பதில் சேராது. அதனால் பயப்பட ஒன்றுமில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பினேன். வியாழக்கிழமை மில் லீவு, வாரா வாரம் வந்து கேட்டுக்கொள்கிறேன் என்றாள். அவள் பழைய கட்சிக்காரி. வங்கி வழக்குகளுக்கு நடுவில் இப்படிப்பட்டவர்கள் இனி எத்தனை பேர் இருப்பார்கள் தெரியவில்லை.

ஜூன் 16

கனியக்காவுக்கு மாசானமுத்து நகல் மனு போட்டுவிட்டார். நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ‘நிலுவை’ என்று மஞ்சளில் காட்டுகிறது.

ஜூன் 22, வியாழன்

இன்றுமுதல் பார்வையாளர் பதிவேடு. பெயர், வந்த நேரம், யாரைப் பார்க்க, என்ன விஷயம். முன்கூட்டிச் சொல்லாமல் வந்தால் உள்ளே அனுப்புவதில்லை, கட்சிக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. இது என் யோசனை. பழைய ஆபீசில் போகிறவன் வருகிறவன் எல்லாம் என் மேஜையில் சாய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருப்பான், நான் டைப் அடிப்பேன். இத்தனை பேரை வைத்துக்கொண்டு இனி அப்படி நடக்காது. லோசனிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கனியக்கா வந்தாள். ‘விஷயம்’ என்ற இடத்தில் ‘நகல்’ என்று எழுதினாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. இன்னும் வரவில்லை என்றேன்.

ஜூலை 3, திங்கள்

அட்டவணைப்படி இந்த மாதத்திலிருந்து மாசானமுத்து அம்பாசமுத்திரம், நாங்குநேரி கோர்ட்டுகளுக்கு. வங்கி வழக்குகள் அங்கேதான் குவிந்து கிடக்கின்றன. காலை ஏழு மணி பஸ். பையை எடுத்துக்கொண்டு போனார்.

ஜூனியர் வக்கீல்களில் இரண்டு பேர் விலகப் போகிறார்கள் போல. கைரேகை மெஷின் என் விரலை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டேன் என்கிறது. டைப் அடித்து ரேகை தேய்ந்துவிட்டதாம்.

ஜூலை 5

களைப்பு. மத்தியானம் டிபன் பாக்சைத் திறக்கவே இல்லை. வீட்டில் அவர் திறந்து பார்த்துவிட்டுக் கழுவி வைத்தார்.

சாயங்காலம் ஐயம்பெருமாள் அண்ணன் வந்தாராம். எதிர்வரிசை வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. முன்கூட்டிச் சொல்லாததால் வரவேற்பில் இருக்கும் பெண் திருப்பி அனுப்பிவிட்டாள். விதியை நானே போட்டுவிட்டு நானே மீற முடியுமா. டீ குடிக்கத்தான் வந்திருப்பார்.

ஜூலை 6, வியாழன்

கனியக்கா. நகல் வரவில்லை. மஞ்சள்தான்.

ஜூலை 13, வியாழன்

கனியக்கா. மஞ்சள்.

ஜூலை 14

ஒன்றும் விசேஷம் இல்லை. தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் கெட்டுவிட்டது. இருபது பேர் கேன் தண்ணீர் குடித்தோம்.

ஜூலை 20, வியாழன்

நான் வங்கி ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்கு வெளியே கனியக்கா நின்றாள். நகல் வந்துவிட்டதா என்று கையால் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர்கள் போனபிறகு பார்த்தால் வரவேற்பு மேஜையில் எனக்கு ஒரு கிலோ கோதுமை மாவு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சூடு ஆறாமல் இருந்தது.

ஜூலை 31

இரண்டு மாத அறிக்கை. நடப்பு வழக்குகள் 671. தவறிய தேதிகள் பூஜ்யம். லோசனி அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினாள், எல்லாரும் கைதட்டினோம். வங்கி மேலாளர் சாருக்கு போன் செய்து பாராட்டினாராம். சார் என் அறைவரை நடந்து வந்து, “நீ இல்லாட்டி இது நடந்திருக்காது சுகிர்தம்” என்றார். இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது இது இரண்டாவது தடவை. சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை கனியக்கா வந்ததிலேயே தெரிந்திருக்க வேண்டும். கையில் கோர்ட் நோட்டீஸ். தீர்ப்புப்படி இடத்தை எடுத்துத் தரச் சொல்லி வேல்ச்சாமி மனு போட்டுவிட்டான். செப்டம்பர் நாலாம் தேதி விசாரணை. அப்பீல் போட்டிருந்தால் தடை வாங்கலாம். நகல் இல்லாமல் அப்பீல் இல்லை. அப்பீல் இல்லாமல் தடை இல்லை.

கம்ப்யூட்டரைத் திறந்தேன், மஞ்சள். நாங்குநேரியிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய மாசானமுத்துவைக் கோர்ட்டின் நகல் பிரிவுக்கு அனுப்பினேன். அரைமணியில் வந்தார். முகமே சரியில்லை. ஜூலை மூன்றாம் தேதியே நகலுக்கு இத்தனை முத்திரைத்தாள் வேண்டும் என்று பலகையில் ஒட்டிவிட்டார்களாம். பத்தாம் தேதிக்குள் நாம் கட்டவில்லை. பதினொன்றாம் தேதி மனுவையே அடித்துவிட்டார்களாம்.

அடித்துவிட்டால் மனு போடாத மாதிரிதான். அப்படியென்றால் முப்பது நாள் ஜூலை பதினாலோடு முடிந்துவிட்டது.

கனியக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சார் கூப்பிடுகிறார் என்று சொல்லி எழுந்துபோய்விட்டேன். சார் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 9

காலையில் கூட்டம். சார், லோசனி, நான், மாசானமுத்து. யார் பொறுப்பு என்று லோசனி கேட்டாள். கத்தவில்லை, அவளுக்குக் கத்தத் தெரியாது. கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது.

“மனு போட்டது மாசானமுத்து” என்றேன்.

நான் சொன்னது பொய்யில்லை. மாசானமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கொஞ்ச நாளைக்கு ஆபீசுக்கு வர வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். பதினொரு மணிக்கு ஆபீஸ் பையையும் அலமாரிச் சாவியையும் என் மேஜையில் வைத்தார். அம்பாசமுத்திரம் கட்டு மூன்று பையில் இருக்கிறது, இருபத்தொன்றாம் தேதி வாய்தா, மறந்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கனியக்காவுக்குப் புதிதாக நகல் மனு போட்டாயிற்று. நானே போய்ப் போட்டேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

காலையும் மாலையும் நானே நகல் பிரிவுக்குப் போகிறேன். வராந்தாவின் கடைசியில் பலகை. கம்பிவலைக்குப் பின்னால் ஏழெட்டு டைப் தாள்கள், ஒன்றின்மேல் ஒன்று பாதி மூடிக்கொண்டு. பத்தேகால் மணிக்கு ஊரிலிருக்கும் குமாஸ்தாக்கள் எல்லாம் அதன் முன்னால்தான். எட்டி, குனிந்து, தலையைச் சாய்த்து, கையிலிருக்கும் துண்டுத்தாளோடு ஒத்துப்பார்க்கிறார்கள். அடுத்த ஆபீஸ் நம்பர் கண்ணில் பட்டால் சொல்லிவிடுகிறார்கள். வராத ஆளாக இருந்தால் சாயங்காலம் போகிற வழியில் அந்த ஆபீசில் எட்டிப்பார்த்துச் சொல்வார்களாம். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கம் இல்லை.

மேலாளரே வந்திருக்கிறாரே என்று ஒருவர் கேட்டார். ஆள் லீவு என்றேன். ஐயம்பெருமாள் அண்ணன் அங்கேதான் நின்றார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

ஆகஸ்ட் 17, வியாழன்

கனியக்கா வந்தாள். என்ன நடந்தது என்று சார் அவளுக்கு நேற்றே சொல்லிவிட்டார், குமாஸ்தாவின் கவனக்குறைவு என்று. அவள் கேட்டது வேறு. “அந்தத் தம்பி வேலைய விட்டு நிறுத்திட்டியளாமே. அவருக்குப் பொட்டப் புள்ளைக ரெண்டுல்லா?”

ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

நகல் கைக்கு வந்துவிட்டது. பதினெட்டாம் தேதி பலகையில் நம்பர் வந்தது, அன்றே முத்திரைத்தாள் கட்டினேன். ஒருவர் தினமும் இரண்டு தடவை போய் நின்றால் முடிகிற வேலை.

திங்கட்கிழமை அப்பீலும் தாமத மன்னிப்பு மனுவும் போடுகிறோம். நாற்பத்தைந்து நாள் தாமதம். ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டும். ஜட்ஜ் ஒப்புக்கொண்டால் அப்பீல். இல்லாவிட்டால் மில்லும் வீடும் வேல்ச்சாமிக்கு.

ஆகஸ்ட் 26, சனி

தாமத மனுவுக்கு எங்கள் ஆபீசில் வழக்கமான காரணம் ஒன்று உண்டு. எங்கள் ஆபீஸ் என்ன, எல்லா ஆபீசிலும் அதுதான். ‘மனுதாரர் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு நாட்டு வைத்தியம் செய்துவந்ததால் குறித்த காலத்துக்குள் வழக்கறிஞரைச் சந்திக்க இயலவில்லை.’ நாட்டு வைத்தியம் என்றால் டாக்டர் சீட்டு தேவையில்லை, அதற்காகத்தான். இந்த ஜில்லாவில் நான் டைப் அடித்து வரவழைத்த காமாலைக்குக் கணக்கே கிடையாது. இப்போது கம்ப்யூட்டரில் மாதிரி எண் 3 என்று வைத்திருக்கிறோம். பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றிக் கொடுத்தேன். கனியக்கா கையெழுத்துப் போடுவதற்குமுன் முழுவதையும் வாய்விட்டுப் படித்தாள். காமாலை வந்ததும் நிறுத்தினாள்.

“எனக்கு எங்க காமால வந்துச்சு? வேல்ச்சாமி எங்க மில்லுக்கு எதுத்த வீட்லல்லா இருக்கான். தெனம் நான் மில்லு ஓட்டுததப் பாத்துக்கிட்டே இருக்கான். கூண்டுல ஏத்திக் கேட்டா நான் என்னன்னு சொல்ல?”

இது சும்மா சம்பிரதாயம் என்று லோசனி சொல்லிப் பார்த்தாள். கனியக்கா பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டாள். “வாரா வாரம் வந்தேன். ஒங்க நோட்டுல கையெழுத்துப் போட்டேன். அது இருக்குல்லா, அத எழுதுங்க.”

அதை எழுதினால் தப்பு ஆபீஸ் மேல் வந்துவிடும், எழுத முடியாது என்பது சார், லோசனி, நான் மூன்று பேருக்கும் தெரியும். அவள் போனபிறகு சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, குமாஸ்தா மேல் போட்டுவிடலாம், மாசானமுத்துவிடம் அபிடவிட் வாங்கு, கையெழுத்துப் போட்டால் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார். அவன் போட்டுவிடுவான், நல்லவன் என்றும் சொன்னார். திங்கள் காலைக்குள் நான் டைப் அடித்து வைக்க வேண்டும்.

நாள்களைச் சரிபார்க்கப் பார்வையாளர் பதிவேட்டை வீட்டுக்கு எடுத்துவந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. வந்ததும் சாப்பாட்டு மேஜையில் பதிவேட்டையும் இந்த டைரியையும் விரித்து உட்கார்ந்தேன். ‘மேற்படி குமாஸ்தா மாசானமுத்துவின் கவனக்குறைவால்’ என்று ஆரம்பித்து, எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று குறித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் எட்டாம் தேதி ‘ஏதோ கேட்டார்’ என்று எழுதியிருக்கிறேன். ஏதோ இல்லை. அவர் கேட்டது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. “அப்ப பலகைய யாரு பாக்கது மேடம்?”

அவர் பட்டியலில் ஆறாவது வரி, காலை பத்தேகால், நகல் பலகை. பன்னிரண்டாவது வரி, மாலை ஐந்து, நகல் பலகை. இதற்குத் தினமும் ஒரு மணி நேரமா என்று லோசனி என்னிடம் கேட்டாள். கேட்கத்தான் செய்தாள். வேண்டாம் என்று சொன்னது நான். சிவப்புப் பேனா என் கையில் இருந்தது. கோர்ட் விவரமெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் வருகிறது என்று நான்தான் சொன்னேன். வாய்தா தேதி வரும். பலகையில் ஒட்டுகிற தாள் வராது. நாங்கள் ஏற்றியதைத்தான் அது மஞ்சளாகத் திருப்பிக் காட்டும். அது எனக்குத் தெரியாதா? கொஞ்சம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை. இவள் வெறும் டைப்பிஸ்ட், பழைய காலத்து ஆள் என்று அந்தப் பெண் நினைத்துவிடக் கூடாது என்பதுதான் அன்று எனக்கு முக்கியமாக இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பதிவேட்டில் ஜூலை ஐந்து, மாலை 5.20. பெயர் ஐயம்பெருமாள். சந்திக்க வேண்டியவர் மேலாளர். விஷயம்: ‘பலகையில் உங்கள் நகல் நம்பர் வந்திருக்கிறது.’ பக்கத்தில் சிவப்பில் ‘அனுமதி இல்லை’. அந்தப் பெண் நான் சொன்னபடி செய்திருக்கிறாள். பத்தாம் தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. டீ குடிக்க வந்திருப்பார் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன்.

வீட்டில் அவர் காப்பி கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது வருஷம் பஸ்சில் கண்டக்டராக இருந்தவர், யார் பொய் சொல்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார். “எனக்கு ஒம்பதாந் தேதியே தெரியும். நீ சொல்லட்டும்னு இருந்தேன்” என்றார்.

மாசானமுத்து பெயரை அழித்துவிட்டு முதலிலிருந்து டைப் அடித்தேன். ‘சுகிர்தம் ஆகிய நான் சத்தியம் செய்து கூறுவதாவது.’ நாலு பக்கம் வந்தது. கனியக்கா வந்த ஏழு வியாழனையும் ஒவ்வொரு தேதியாகப் போட்டேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

சாரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். இதைத் தாக்கல் செய்தால் வங்கிக்காரர்கள் பார்ப்பார்கள் என்று லோசனி சொன்னாள். குமாஸ்தா தப்பு என்றால் ஆள் தப்பு, மேலாளர் தப்பு என்றால் ஆபீசே தப்பு. அவள் சொன்னதும் சரிதான். எத்தனை பேரின் பிழைப்பு இதில் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். எனக்கு வாதாடத் தெரியாது. இதுதான் நடந்தது, இதைத் தவிர வேறெதையும் டைப் அடிக்க என்னால் ஆகாது என்று மட்டும் சொன்னேன்.

லோசனி மெதுவாக, “நானும் பக்கத்துலதான்க்கா உக்காந்திருந்தேன்” என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்ததே இல்லை.

சார் பேனாவை எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். “உன்ன நான் இனி எங்க வைக்கது சுகிர்தம்?” என்று கேட்டார்.

மூன்று மணிக்குத் தாக்கல் ஆயிற்று. இடத்தை எடுப்பதற்கான வேல்ச்சாமியின் மனுவை இது முடியும்வரை தள்ளிவைக்கக் கேட்டிருக்கிறோம்.

செப்டம்பர் 3, ஞாயிறு

சர்ச் முடிந்து நானும் என் வீட்டுக்காரரும் மாசானமுத்து வீட்டுக்குப் போனோம். ஐயம்பெருமாள் அண்ணன் சொல்லி அவர் ஆபீசிலேயே சேர்ந்துவிட்டாராம். மனைவி எங்களை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனவள், திரும்ப வெளியே வரவில்லை. அபிடவிட்டின் நகலைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

“கோர்ட்ல சொல்லுதது இருக்கட்டும் மேடம். அன்னைக்கு அந்த ரூம்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா.”



செப்டம்பர் 5

நேற்று விசாரணை. வேல்ச்சாமியின் மனு தள்ளிவைக்கப்பட்டது. மூச்சு வந்தது.

செப்டம்பர் 13, புதன்

கூண்டில் ஏறினேன். எத்தனையோ பேருக்குச் சாட்சி வாக்குமூலம் டைப் அடித்தவள், கைப்பிடிக் கட்டை அவ்வளவு வழுவழுப்பாக இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. வேல்ச்சாமியின் வக்கீல் பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிக் கேட்டார். கட்சிக்காரியைக் காப்பாற்ற முதலாளி சொல்லிக்கொடுத்து இப்படிச் சொல்கிறீர்களா என்றார். இல்லை, வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொல்கிறேன் என்றேன். ஜட்ஜ் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பலகை பார்ப்பதை நிறுத்தச் சொன்னது யார் என்று அவரே கேட்டார்.

“நான்தான் ஐயா.”

கனியக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இன்றும் புருவத்தில் மாவு.

செப்டம்பர் 20

வங்கிகளில் ஒன்று விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறது. இன்னொன்று எழுதவே இல்லை, கட்டுகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டது. நாள் முழுக்க நூற்று நாற்பது கட்டுகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கினோம். லோசனியும் சேலையைச் சொருகிக்கொண்டு கூட அடுக்கினாள். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 29, வெள்ளி

தாமதம் மன்னிக்கப்பட்டது. அப்பீலுக்கு நம்பர் கொடுத்து, இடத்தை எடுக்கத் தடையும் கொடுத்துவிட்டார்கள். அப்பீல் முடிய எத்தனை வருஷமோ, அதில் ஜெயிப்போமோ மாட்டோமோ. அதுவரைக்கும் மில் ஓடும்.

கனியக்காவுக்கு நானே போய்ச் சொன்னேன். மில் சத்தத்தில் இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் ஒரு சாக்கைக் காட்டினாள்.

அக்டோபர் 3

கண்ணாடி அறைக்கு வேறு ஆள் வரப்போகிறார், கோயமுத்தூரிலிருந்து, இதற்கென்றே படித்தவராம். எனக்குக் கீழ்த்தளத்தில் பழைய டைப் மேஜை. யாரும் தள்ளவில்லை, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். புது அட்டவணையை லோசனி போட்டிருக்கிறாள். பத்தாவது வரி, நகல் பலகை, காலை மாலை, சுகிர்தம்.

ஐயம்பெருமாள் அண்ணன் வந்து என் மேஜையில் சாய்ந்துகொண்டு அரைமணி நேரம் பேசினார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 12, வியாழன்

தினமும் பலகையில் மாசானமுத்துவைப் பார்க்கிறேன். அவர் அந்த ஓரம், நான் இந்த ஓரம். ஒரு வாரமாக ஒரு பேச்சும் இல்லை. நான் பேச்சுக்கொடுக்கவும் இல்லை.

இன்று காலை மழை. பலகை முன்னால் ஈரக் குடையும் கூட்டமுமாக இருந்தது. புதிதாக ஒட்டிய தாள் மேல் வரிசையில், எனக்கு எட்டவில்லை. மூக்குக்கண்ணாடியை வேறு வீட்டில் மறந்து வைத்துவிட்டேன். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. சரி, மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று குடையை விரிக்கப் போனேன்.

அவர் தன்னுடைய நம்பர்களை எழுதி முடித்துத் துண்டுத்தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமல், பலகையைப் பார்த்தபடியே சொன்னார்.

“யக்கா, மூணாவது தாள்ல உங்க ஆபீஸ் நம்பர் ரெண்டு கெடக்கு. நாளையோட கடைசி.”

பேனாவை எடுத்தேன். அவர் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார், நான் எழுதினேன். இரண்டாவது நம்பரில் ஒரு இலக்கத்தை விட்டுவிட்டேன், திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பச் சொன்னார்.